கை வைக்காத கடை: சுங்கை சிப்புட்டில் ஒரு மினி மார்க்கெட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சம்பள வாரத்தில் பட்டணத்துக்கு வருபவர்கள் வழக்கமாக நுழையும் மினி மார்க்கெட்டுகளில் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. குறையும் சொல்லப் போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். அரிசி, பருப்பு, மசாலைத் தூள், பூசைப் பொருள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. விலை பேரங்காடிகளைவிடச் சற்றுக் கூடுதல். காய்கறி வாங்குவதானால் காலையிலேயே போய்விட வேண்டும். சரக்கைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. என்னை எழுதத் தூண்டியது, பொருளை எடுத்துப் பையில் மறைப்பவர்களிடம் இந்தக் கடை நடந்துகொள்ளும் விதம்தான்.

பணியாளர்களுக்கு முதலாளி விதித்திருக்கும் கட்டுப்பாடு எளிமையானது: யார் மீதும் கை வைக்கக் கூடாது, வாசலைத் தாண்டி யாரையும் துரத்தக் கூடாது. அதற்காக அவர்கள் வாய் மூடி நிற்பதும் இல்லை. சந்தேகம் எழுந்தால் அருகில் போய், "என்ன தேடுறீங்க அக்கா, எடுத்துத் தரவா?" என்று கேட்கிறார்கள். கல்லாவில் இருக்கும் பெண்மணி, "பையில ஒண்ணு இருக்கு போல, அதையும் சேர்த்துப் போட்டுடவா?" என்று, மறந்து போனவரிடம் கேட்பது போலவே கேட்கிறார். பெரும்பாலானவர்கள் அதற்கே பொருளை வெளியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். பணம் கொடுப்பதா, திருப்பி வைப்பதா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ள இடம் இருக்கிறது; பின்னால் வரிசையில் நிற்பவருக்கு நடந்தது தெரிவதுகூட இல்லை.

இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். நாட்டுச் சட்டத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பிணையில் விட முடியாததும் வாரண்ட் இல்லாமலே போலீசார் கைது செய்யக்கூடியதுமான குற்றத்தைத் தன் கண் முன்னே ஒருவர் செய்யக் கண்டால், சாதாரண மனிதரும் அவரைப் பிடித்துத் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. திருட்டும் அந்த வகைக் குற்றமே. ஆனால், தன் கண் முன்னே என்ற நிபந்தனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்தவர் சொன்னார் என்றோ, கேமராப் பதிவைப் பிறகு பார்த்தேன் என்றோ ஒருவரை வழிமறித்துவிட்டு, அவர் பையில் ஒன்றும் இல்லை என்றால், சட்டவிரோதமாகத் தடுத்து வைத்த பழி மறித்தவர் மேலேயே விழும். மேலும், பொருள்களை நாமே எடுத்துக்கொள்ளும் கடையில் ஒருவர் எதையேனும் தம் பைக்குள் போட்டுக்கொண்டாலும், கல்லாவைக் கடக்கும் வரை அவர் பணம் கொடுக்கப் போவதில்லை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. குற்றவியல் சட்டத்தின் 379ஆம் பிரிவுப்படி திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை. திருடிய பொருளைக் கொண்டுபோவதற்காக ஒருவரைத் தாக்கினாலோ மிரட்டினாலோ அது கொள்ளையாகி, 392ஆம் பிரிவின் கீழ் 14 ஆண்டு வரை போகிறது. ஒரு டின் மைலோவோடு ஓட முயல்பவரின் கையை நாம் பிடிக்க, அவர் நம்மைத் தள்ளிவிட்டு ஓடினால், சில வெள்ளி (ரிங்கிட்) திருட்டு அந்த ஒரு நொடியில் வேறு குற்றமாகிவிடுகிறது. அவர் மடியில் கத்தி இருந்தால் நம் கதி என்ன என்பது தனிக் கேள்வி.

கடையில் வேலை செய்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கல்லாவில் இருப்பவர்கள் தோட்டத்திலிருந்து பேருந்தில் வந்து போகும் பெண்கள். மூட்டை இறக்கி அலமாரி அடுக்குபவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகள். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு மாதம் முழுவதும் நின்று உழைப்பவரிடம், முதலாளியின் பால் மாவுக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வெளிநாட்டுப் பிள்ளையின் நிலை இன்னும் மோசம்: கைகலப்பு போலீஸ் நிலையம் வரை போனால், நியாயம் அவன் பக்கமே இருந்தாலும், வேலை பெர்மிட்டுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான் அவன் வாக்குமூலம் கொடுப்பான். காணாமல் போன சரக்கின் விலையைப் பணியாளர்களின் சம்பளத்தில் இந்த முதலாளி பிடிப்பதில்லை என்று கல்லாப் பெண்மணியே சொன்னார். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தன்னிச்சையான பிடித்தங்களை அனுமதிப்பதில்லை என்றாலும், பிடிக்கும் கடைகள் இல்லாமல் இல்லை. அப்படிப் பிடிக்கும் இடத்தில் பணியாளர் துரத்தாமல் என்ன செய்வார்?

வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. நம்மூரில் ஒருவர் "திருடன்" என்று குரல் எழுப்பினால் போதும், என்ன திருடினான் என்று கேட்காமலே அடிக்க நாலு பேர் ஓடி வருவார்கள். அது உதவியன்று, அடிபட்டவருக்கு ஏதாவது நேர்ந்தால் கொலை வழக்கு வரை போகக்கூடிய குற்றம். கடையில் இருக்கும் வாடிக்கையாளர் வழி விட்டு விலகி நிற்கலாம், முகத்தையும் வண்டி எண்ணையும் மனத்தில் பதித்துக்கொள்ளலாம், 999க்கு அழைக்கலாம், பிறகு சாட்சி சொல்லப் பின்வாங்காமல் இருக்கலாம். இவற்றில் கடைசியானதுதான் கடினம் என்பதால்தானோ என்னவோ, பலருக்கும் முதலில் கையை ஓங்கத் தோன்றுகிறது. துணிந்து குறுக்கே போக வேண்டிய தருணம் ஒன்று உண்டென்றால், அது கூட்டம் ஒருவரை அடிக்கத் தொடங்கும் தருணமே. ஒரு சனிக்கிழமை மாலை பிடிபட்ட பையனை இரண்டு பேர் இழுத்தபோது, இந்தக் கடை முதலாளி இடையில் நின்று, "போலீஸ் வரட்டும் அண்ணே, என் கடையில யாரும் அடிக்கக் கூடாது" என்று சொன்னதை நானே பார்த்தேன்.

அவரைப் புனிதராக்கவும் நான் விரும்பவில்லை. கூட்டமாக வந்து, ஒருவர் கல்லாவில் பேச்சுக் கொடுக்க மற்றவர்கள் பையை நிரப்பிக்கொண்டு போகும் ஆட்களிடம் அவர் இரக்கம் காட்டுவதில்லை. கேமராப் பதிவுடன் புகார் கொடுத்துவிடுகிறார். குறைந்த லாபத்தில் ஓடும் மளிகைக் கடையில் ஒரு பால் மாவு டின் போனால், அந்த நட்டத்தை ஈடுகட்ட எத்தனையோ டின் விற்க வேண்டும்.

ஆகவே திருட்டுக்கு இடம் கொடுக்காமல் கடையை அமைப்பதில்தான் அவர் கவனம் செலுத்தியிருக்கிறார். பழைய தோட்டக் கடையில் சரக்கு முழுவதும் கடைக்காரருக்குப் பின்னால் இருக்கும். கேட்டால்தான் கைக்கு வரும். காசில்லையென்றால் 555 புத்தகம் என்னும் சிறு கடன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சம்பளத்தன்று தீர்ப்பார்கள். அலமாரியைத் திறந்து வைத்துக் கடன் புத்தகத்தை மூடிய பிறகுதான் இந்தத் தொல்லை பெருகியது என்பது என் எண்ணம். இந்தக் கடையில் பால் மாவு, சவர பிளேடு, தைலம் ஆகியவை கல்லாவுக்குப் பின்னால் போய்விட்டன. தெரிந்த குடும்பங்களுக்கு 555 புத்தகமும் திரும்ப வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டில் புக்கிட் மெர்தாஜாம் டெஸ்கோ பேரங்காடியில், பிள்ளையின் பசிக்காக 27 வெள்ளிப் பொருளை எடுத்துப் பிடிபட்ட தந்தைக்கு, அந்தக் கிளையின் மேலாளர் புகார் கொடுக்காமல் வேலை கொடுக்க முன்வந்தது பலருக்கும் நினைவிருக்கும். சிறு கடையால் எல்லாருக்கும் வேலை கொடுக்க முடியாது. பால் மாவைக் கடனுக்குக் கொடுக்க முடியும்.

இவ்வளவு நிதானமாக நடக்கும் கடையின் கல்லாவுக்கு மேலே, கேமராவில் பதிந்த சிலரின் படங்களை அச்சிட்டு, "இவர்களைக் கண்டால் சொல்லவும்" என்று ஒட்டியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாப் படங்களும் மங்கலானவை. அவற்றில் ஒரு பெண்ணின் முகம் இந்த வட்டாரத்தில் பத்துப் பேருக்குப் பொருந்தும். தோட்டத்துப் பட்டணத்தில் யார் எந்த லயத்துப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். படம் வாட்ஸ்அப்பில் ஒரு முறை சுற்றிவிட்டால், நீதிமன்றம் விடுதலை செய்தாலும் அந்தக் குடும்பத்துக்கு விடுதலை கிடையாது. படம் ஆளை மாற்றிக் காட்டினால் அவதூறு வழக்குக்கும் அது வழி வகுக்கும். அந்தப் பதிவுகள் போக வேண்டிய இடம் போலீஸ் நிலையம். கல்லாவில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கத் தெரிந்த கடைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்; படங்களைக் கழற்றினால் ஐந்தாவதும் உண்டு. பால் மாவு வாங்கப் போகிறவர்கள் சம்பள வாரச் சனிக்கிழமை மாலையைத் தவிர்ப்பது நல்லது. அதை எடுத்துத் தரக் கல்லாவில் ஒருவர்தான் இருக்கிறார், வரிசை நீண்டுவிடுகிறது.