ஏழு வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கும் அடுக்களைச் சுவர்

மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவில் இரண்டடி உயரச் சுவர். எங்கள் வீட்டில் அது எல் வடிவத்தில் ஒரு பக்கம் பத்தடி, இன்னொரு பக்கம் ஆறடி ஓடுகிறது. மொத்தம் 32 சதுர அடி. இதற்கு டைல்ஸ் தேடி 2018இல் மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். கல்யாணப் புடவைக்குக்கூட நான் அத்தனை அலைந்ததில்லை. ஏழு வருடம் ஆகிவிட்டது. எது தாங்கியது, எது பல்லிளித்தது என்று இப்போது தெம்பாகச் சொல்லலாம்.

தாம்பரத்தை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பழைய வீடாக வாங்கியது இது. அடுக்களைச் சுவரில் 12க்கு 18 இஞ்ச் டைல்ஸ், வெளிறிய ரோஸ் நிறம், நாலு டைலுக்கு ஒன்றில் திராட்சைக்கொத்தும் கப்பும் சாஸரும். கடையில் இதற்கு ஹைலைட்டர் என்று பெயர். ஒரு காலத்தில் யார் வீட்டு அடுக்களைக்குப் போனாலும் இந்தக் கப்பும் சாஸரும் சுவரிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் வேலையாக அதை உடைக்கச் சொன்னேன். ஒன்றே ஒன்றை மட்டும் அத்தை, அதாவது என் மாமியார், உடையாமல் பெயர்த்து வாங்கி வைத்துக்கொண்டார்.

மேடைக் கல்லை மாற்றவில்லை. பிளாக் கேலக்ஸி, ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியில் வெட்டும் கல். கறுப்பில் பொன்தூளைத் தூவிவிட்ட மாதிரி இருக்கும். கீறலோ உடைசலோ இல்லாத கல்லைப் பெயர்க்க மனசு வரவில்லை. அலமாரிகள் மட்டும் புதிதாகச் செய்தோம். பிளைவுட்டில் கீழே வால்நட் நிறச் சன்மைக்கா, மேலே கிரீம். ஆக, மேடையும் அலமாரியும் முடிவான பிறகு, நடுவில் மிச்சமிருந்த சுவருக்கு டைல்ஸ் தேடி இறங்கினேன்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, “மேடை என்ன கலர் மேடம்?” கறுப்பு என்றேன். “அப்ப எது வேணா போகும்.” நாலு கடையிலும் இதே பதில். நானும் நம்பிவிட்டேன். கறுப்புக்குள் இருக்கும் அந்தப் பொன் புள்ளிகளைப் பற்றி அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்தப் புள்ளிதான் கல்லின் குணத்தையே தீர்மானிக்கிறது. மஞ்சள் சாயல் கொண்ட கல் அது. வால்நட்டும் கிரீமும் அதே வகையறா. நான் தேர்ந்தெடுத்ததோ பளபளப்பான தூய வெள்ளை. 3க்கு 6 இஞ்ச் சப்வே டைல்ஸ்.

சப்வே என்ற பெயர் நியூயார்க் சுரங்க ரயிலால் வந்தது. 1904இல் அந்த ரயில் ஓடத் தொடங்கியபோது நிலையச் சுவர்களில் இந்த மாதிரி வெள்ளை டைல்களைப் பதித்தார்கள். மண்ணுக்கடியில் வெளிச்சமாகவும் இருக்கும், கழுவுவதும் சுலபம். அது சரி, அங்கே கழுவ ஆள் இருந்திருப்பார்கள். இங்கே நான்தான்.

அத்தை டைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாளிக்கிற இடத்துல வெள்ளையா? சரி, தொடைக்கப் போறது நீ. உனக்குப் புடிச்சதப் போடு.”

ஒரு டைலை மாதிரிக்குக் கேட்டு வாங்கி வந்து பகல் வெளிச்சத்தில் ஹால் தரையில் வைத்துப் பார்த்தேன். பால் மாதிரி இருந்தது. அதையே 256 டைல்களாகச் சுவரில் ஏற்றியபோது பால் காணாமல் போய்விட்டது. மேல் அலமாரியின் நிழலில், அதன் அடியில் ஒட்டியிருந்த எல்இடி பட்டையின் வெளிச்சத்தில், நீலம் பாய்ந்த வெள்ளையாகத் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, பக்கத்தில் இருந்த புத்தம் புதுக் கிரீம் அலமாரி பத்து வருடம் புகை பட்டது போல மங்கிப்போனது. சொட்டு நீலம் போட்டு வெளுத்த சட்டையைப் பட்டு வேட்டிக்கு மேல் போட்டால் வேட்டி அழுக்காகத் தெரியுமே, அதே கதை. இரண்டும் தனித்தனியாக அழகுதான்.

வெள்ளையில் இத்தனை ஜாதி உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. டைலைத் தரையில் வைத்துப் பார்த்திருக்கவே கூடாது. மேடை மேல், சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைக்க வேண்டும். ஆசாரியிடம் சன்மைக்காவின் மாதிரித் துண்டு கேட்டால் கொடுப்பார், அதைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு டைல் போதாது, ஆறேழு வேண்டும். காலையில் ஒரு தரம், ராத்திரி அடுக்களை விளக்கைப் போட்டு ஒரு தரம் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

விளக்கில் பாதி தீர்ந்தது. முதலில் இருந்தது 6500 கெல்வின் பட்டை, ஆஸ்பத்திரி வெளிச்சம். கெல்வின் எண் குறைந்தால் வெளிச்சத்தில் மஞ்சள் கூடும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு 4000க்கு மாற்றினேன். டைலின் நீலம் அடங்கியது, கல்லின் பொன் புள்ளிகள் திரும்பி வந்தன. அந்தக் குளிர்ந்த வெளிச்சத்தில் அவை வெறும் வெள்ளிப் பொட்டுகளாகத்தான் தெரிந்துகொண்டிருந்தன.

இதெல்லாம் கண்ணுக்குத்தான். கைக்கு வேலை வைத்தது ஜாயின்ட்.

டைலின் நிறத்துக்கு மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட நான், டைலுக்கும் டைலுக்கும் நடுவில் எதை அடைப்பது என்று மூன்று நிமிடம் யோசிக்கவில்லை. டைல்ஸ் பதித்த அண்ணாதான் கேட்டார். “அக்கா, ஒயிட் சிமென்ட்டா, எபாக்ஸியா? எபாக்ஸின்னா காசும் ஜாஸ்தி, நாளும் ஜாஸ்தி.” எபாக்ஸி என்பது இரண்டு பகுதிகளைக் கலந்து அடைக்கும் பிசின், இறுகிவிட்டால் கறையை உறிஞ்சாது. அலமாரி மாட்ட ஆசாரி மறுநாள் வருவதாக இருந்தது. ஒயிட் சிமென்ட்டே போதும் என்றேன். அவர் மேல் தப்பில்லை, கேட்டுத்தான் செய்தார்.

பிறகு என் மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள். எங்கள் சுவரில் ஓடும் ஜாயின்ட்டை எல்லாம் நேராக இழுத்தால் சுமார் 190 அடி. இதே சுவருக்கு 12க்கு 24 இஞ்ச் டைல் பதினாறே போதும், ஜாயின்ட்டும் 50 அடிக்குள் முடிந்திருக்கும். அதாவது நான் 140 அடி கூடுதலாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில், பல் தேய்க்கும் பிரஷ்ஷால்.

டைலின் பளபளப்பில் கறை பிடிக்கவில்லை. சாம்பார் தெறிக்கட்டும், வடகம் பொரியட்டும், ஈரத்துணி போதும். ஒயிட் சிமென்ட் அப்படியில்லை, உறிஞ்சும். மூன்றாவது மாதமே அடுப்புக்குப் பின்னால் இரண்டு வரிசை மஞ்சளாகிவிட்டது. துணி சோப்புத்தூளைக் கரைத்துத் தேய்த்தேன். மஞ்சள் போகும் என்று பார்த்தால் செங்காவியாக மாறியது. பதறிப்போய் இன்னும் கொஞ்சம் சோப்பு போட்டேன், இன்னும் சிவந்தது. எதிரே நின்ற அத்தை சிரித்துவிட்டார். “ஆரத்தி கரைக்கிற மாதிரி இருக்கு.”

நிஜமாகவே அதுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, சோப்புத்தூளும் அதே போலக் காரத்தன்மை கொண்டதுதான். எலுமிச்சையைத் தேய்த்தால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும், அதையும் செய்து பார்த்தேன். ஆனால் புளிப்பு சிமென்ட்டை அரிக்கும். நாலு தடவை தேய்த்த இடத்தில் ஜாயின்ட் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், ஜன்னலை ஒட்டி வெயில் படும் இடத்தில் தெறித்த மஞ்சள் நாலைந்து நாளில் தானாகவே வெளிறிவிடும். மஞ்சள் கறைக்கு வெயில்தான் எமன். எங்கள் அடுப்போ வெயில் எட்டிப் பார்க்காத மூலையில்.

2020இல் எல்லோரும் வீட்டோடு அடைபட்டு மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. அந்த வருடக் கடைசியில் சுவரைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை. பழைய ஜாயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி போட முடிவு செய்தோம். சுரண்டவே இரண்டு நாள். மூன்று டைல்களின் ஓரம் பெயர்ந்தது, இப்போதும் எண்ணெய் ஜாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. எபாக்ஸியில் இரண்டு பகுதிகளைக் கலந்த பிறகு நேரம் குறைவு. இறுகுவதற்குள் அடைத்து, டைல் மேல் பட்டதை உடனே துடைத்துவிட வேண்டும். சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தவறவிட்டோம். அந்த இடம் மட்டும் இன்றைக்கும் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கிறது. வெண்சாமரம் வீசினாலும் போகாது.

இந்தத் தடவை நிறத்துக்கு அவசரப்படவில்லை. மாதிரி அட்டையை மேடையில் வைத்து, அலமாரிக் கதவுக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்கிற நிறம் எது என்று பார்த்தேன். சந்தனத்தைக் குழைத்துத் தண்ணீர் விட்ட மாதிரி ஒரு வெளிர் நிறம் சரியாக இருந்தது. வெள்ளை வேண்டவே வேண்டாம் என்று இருந்தேன். வெளிர் நிற எபாக்ஸி நாளாவட்டத்தில் கொஞ்சம் பழுப்பேறும், சந்தன நிறத்தில் அது தெரியாது. போட்டு முடித்து விளக்கைப் போட்டதும் எனக்கே ஆச்சரியம். நீல வெள்ளை டைல்கள் அப்படியேதான் இருந்தன, ஆனால் அவற்றைச் சுற்றி ஓடிய அந்த மெல்லிய கோடுகள் மேலே கிரீமையும் கீழே பொன் புள்ளிகளையும் ஒன்றாக இழுத்துக் கட்டிவிட்டன. இரண்டு வருடமாக அந்தச் சுவரில் இல்லாத பொருத்தம் ஜாயின்ட் நிறத்தில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடமாக மஞ்சள் உள்ளே இறங்கவில்லை.

இன்னொரு சங்கதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சுவர் டைல் முடிந்து மேடைக் கல் தொடங்கும் அந்த மூலைக் கோடு. அங்கேயும் ஒயிட் சிமென்ட்டைத்தான் அடைத்திருந்தார்கள். கல்லும் சுவரும் ஒரே மாதிரி அசைவதில்லை, ஒரு வருடத்துக்குள் மயிரிழை விரிசல் விட்டது. சிங்க்குக்குப் பின்னால் தெறிக்கும் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, கீழ் அலமாரியின் பின்பலகை அப்பளமாக உப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இப்போது அந்தக் கோடு முழுக்க எளிதில் பூஞ்சை பிடிக்காத, ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் பசை. அதுவும் நிரந்தரம் இல்லை, ஓரம் கறுத்தால் பிளேடால் எடுத்துவிட்டு மறுபடி போடுவேன். இதுவரை ஒரு தடவை போட்டாயிற்று.

டைல் மேல் கோபமா என்றால் இல்லை. எங்களுடையது உப்புத் தண்ணீர் போர்வெல். கறுப்பு மேடையில் ஒரு சொட்டு காய்ந்தாலும் வெள்ளை வட்டம் விழும், வெள்ளை டைலில் தெரியவே தெரியாது. மேல் வீட்டில் மேடைக் கல்லையே சுவரிலும் ஏற்றிவிட்டார்கள். ஜாயின்ட் இரண்டே இரண்டு. எனக்குப் பொறாமைதான். ஆனால் சிங்க் பக்கச் சுவர் முழுக்க உப்புக் கோலம், ராத்திரி உள்ளே நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி இருட்டு. எதிர் வீட்டில் மேட் டைல்ஸ், சொரசொரப்பாகக் கல் மாதிரி. படத்தில் பிரமாதம். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு அந்தச் சொரசொரப்பில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. கண்ணாடி போட ஆசைப்பட்ட தங்கையிடம் ஒன்று மட்டும் சொன்னேன். அடுப்புக்குப் பின்னால் என்றால் டஃபன்டு, அதாவது சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடிதான் வேண்டும், அதை டஃபன்டு செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. பிளக் பாயின்ட் எங்கே, மசாலா ஸ்டாண்ட் எங்கே என்று எல்லாவற்றையும் முன்னாலேயே அளந்து கொடுத்துவிட வேண்டும். நான் வந்த பிறகு இரண்டு பிளக் பாயின்ட் கூட்டியிருக்கிறேன், எனக்கு அது ஒத்துவராது.

மறுபடி செய்வதானால் 12க்கு 24, பளபளப்பு, அலமாரியைவிட ஒரு சாயல் மங்கிய கிரீம், இரண்டு மில்லிமீட்டர் ஜாயின்ட், முதல் நாளே எபாக்ஸி. வாங்கும்போது பெட்டிகளில் நிறச் சாயலைக் குறிக்கும் ஷேட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். கூடுதலாக ஒரு பெட்டியும் எடுப்பேன். போன வருடம் ஹூக் மாட்டப்போய் ஒரு டைல் விரிசல் விட்டது. பரணில் இருந்த மிச்சப் பெட்டியால்தான் தப்பித்தேன், அதே மாடல் இப்போது கடையில் கிடைப்பதில்லை.

அத்தை எடுத்து வைத்த அந்தத் திராட்சைக்கொத்து டைல் இன்னும் மேடை மேல்தான் இருக்கிறது. சூடான குக்கரை இறக்க, தோசைத் திருப்பியை வைக்க எல்லாம் அதுதான். ஏழு வருடத்தில் அதில் ஒரு பொட்டு கறை இல்லை. “ஜாயின்ட் கெடையாது பாரு” என்கிறார், தினமும்.