ரங்கூன் வீட்டுக்கு ஆசிட் பேட்டரியா, லித்தியமா?

இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது, “கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் ஃபேன் ஓடும்?” என்பதுதான். ரங்கூனில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் இது முழுசாக ஏறுமா? ஏறாததை அவசரப்படுத்தி ஏற்றப் போய்த்தான் பல வீடுகளில் வம்பு தொடங்குகிறது.

ஆசிட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். விலை குறைவு, எந்தத் தெருவிலும் பழுது பார்க்க ஆள் உண்டு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்குச் சுமார் 10 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவது வழக்கம். பாதி இறங்கியதை முழுசாக்க ஏழெட்டு மணி நேரமாவது பிடிக்கும்; கடைசிப் பகுதி ஆமை வேகம்தான். நான்கு மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டால் அரைகுறையாக நிற்கும். இப்படியே தினமும் நின்றால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அப்போது யாராவது வந்து, “சார்ஜர் பத்தலைண்ணே, பெருசா மாத்துங்க” என்பார்கள். மாற்றினால் பேட்டரி கொதிக்கும், தண்ணீர் வற்றும், ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

நம் பிளாட்டுகளோ பல இடங்களில் பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். காற்று முன்னாலும் பின்னாலும்தான் வரும். நடுவில், சாமி அலமாரிக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறதென்று பேட்டரியை வைக்கிறோம். ஹைட்ரஜன் மேலே போகும், மேலே விளக்கு எரியும். வீட்டிலேயே இதைவிட மோசமான இடம் கிடையாது. பால்கனிப் பக்கம், மழைச் சாரல் படாமல், பிளாஸ்டிக் தட்டின் மேல் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரியை விட்டுத் தள்ளி சுவிட்ச் இருந்தால் அணையுங்கள், கிளிப்பைப் பிடுங்க வேண்டாம், அதில் பொறி வரும். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே நில்லுங்கள்.

தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஜெல் பேட்டரி நல்ல சமரசம் போலத் தெரியும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதுவும் மெதுவாகத்தான் ஏறும். அதிகமாக ஏற்றி உள்ளே ஈரம் வற்றினால் திரும்ப ஊற்ற வழியில்லை, உப்பிக்கொண்டு நிற்கும்.

லித்தியத்தில் வீட்டுக்கு ஏற்றது இரும்பு பாஸ்பேட் வகை. அதே 100 ஆம்பியர்-மணி பேட்டரி பெரும்பாலும் 50 ஆம்பியர் வரை தாங்கும். பாதி இறங்கியது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானால் நிறைந்துவிடும். ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகச் செலவழிக்கலாம், இதில் 80 சதவீதத்துக்கு மேல். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ, ஆசிட் பேட்டரி முப்பது கிலோவை ஒட்டி வரும். லிஃப்ட் இல்லாத ஆறாம் மாடிக்குத் தூக்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். விலைதான் கசக்கும். சார்ஜரில் லித்தியம் அமைப்பு இருக்க வேண்டும். பழைய ஆசிட் சார்ஜர் சிலவற்றில் 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும் முறை உண்டு. உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு வெட்டிவிடும் என்று அதை நம்பி தினமும் ஓட்டக்கூடாது. வயரும் தடிமனாக வேண்டும்: 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், முனை போல்ட் தளர்ந்திருந்தால் அங்கேயே உருகும்.

பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்துக் கட்டிய மலிவு பேக்? வேண்டாம். அந்த வகை இரும்பு பாஸ்பேட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே கட்டுமீறிக் கொதித்துத் தீப்பிடிக்கும், பாதுகாப்பு போர்டு இருக்குமா என்பதும் சந்தேகம்.

இனி விபத்து. ஆசிட் விபத்துக்குத் தண்ணீர்தான் மருந்து. தோலில் பட்டால் நனைந்த லுங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு 20 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து அதே அளவு கழுவி, நேரே ஆஸ்பத்திரி. சோடா மாவு தரையில் சிந்திய ஆசிட்டுக்கு மட்டும். கண்ணிலோ தோலிலோ போடக்கூடாது. ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. ஆகவே ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீரும் ஒரு குவளையும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

லித்தியம் அரிதாகத்தான் தொல்லை தரும். தந்தால் நம் கையில் நிற்காது. உப்பல், இனிப்பான ரசாயன வாசனை, சீறும் சத்தம், இதில் எது வந்தாலும் எட்டுகிற தூரத்தில் சுவிட்ச் இருந்தால் அணைத்துவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு எண் 191-ஐ அழையுங்கள். புகை நச்சு. லித்தியம் அயனில் தண்ணீரே படக்கூடாது என்பது தவறு. சூட்டைத் தணிப்பது தண்ணீர்தான். செல்போன் அளவு என்றால் தள்ளி நின்று நிறைய ஊற்றலாம். இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் மின்சாரமும் சேர்ந்திருக்கும், தீயணைப்புக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். அணைந்தது போல இருந்து மறுபடி பற்றும், உள்ளே போய் எட்டிப் பார்க்க வேண்டாம். இன்னொன்று, நம் வாசல்களில் இரும்புக் கேட்டும் பூட்டும். இரவில் அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் பாட்டிக்கும் தெரிய வேண்டும்.

என் தேர்வு இரும்பு பாஸ்பேட், அதன் பக்கத்தில் ஒரு புகை அலாரம். பேட்டரி வெளியேறும் வழியை அடைக்காமல் இருக்கட்டும். காசு இடிக்கிறதென்றால் ஆசிட் பேட்டரியையே வாங்கி, பெரிய சார்ஜருக்குப் போகும் பணத்தை சோலார் பேனலில் போடுங்கள். 200 வாட் பேனல் நல்ல வெயிலில் கண்ட்ரோலர் வழியாகப் பத்து ஆம்பியரைச் சுற்றிக் கொடுக்கும். அதைத்தான் ஆசிட் பேட்டரி கேட்கிறது, பகல் முழுக்க மெதுவாக. மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரை இந்தக் கணக்கு இளைத்துவிடும். அப்போது கரண்ட் வரும்போது 10 ஆம்பியர் சார்ஜரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஃபேனில் ஒன்றைக் குறையுங்கள்.