ஜோஹோ நேர்முகத் தேர்வு: மாணவர்கள் சொன்னதை வைத்து ஒரு மதிப்புரை

தென் மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நிரலாக்கம் கற்பிக்கும் எனக்கு, இறுதியாண்டு மாணவர்கள் நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்த் திரும்பியதும் சொல்லும் அனுபவங்களைக் கேட்பது பணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. வேலை கிடைக்காதவர்கள்கூட விரிவாகவும் ஆர்வமாகவும் பேசுகிற தேர்வு என்றால் அது மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் தேர்வுதான். மென்பொருள் உருவாக்குநர் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்நிறுவனம் நடத்தும் தேர்வைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். விற்பனை, வாடிக்கையாளர் சேவை போன்ற பணிகளுக்கான தேர்வுமுறை வேறு.

1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய இந்த நிறுவனத்துக்குக் கூடுவாஞ்சேரிக்கு அருகே பெரிய வளாகம் இருக்கிறது. 2011 முதல் தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் இயங்குகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் இதை நாடுவதற்கு ஊர்ப்பக்கம் என்பது மட்டும் காரணமில்லை. பல பெரிய நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை 60 விழுக்காடு வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று வாசலிலேயே வடிகட்டிவிடும்போது, இங்கே பட்டத்தைவிட நிரல் எழுதும் திறனுக்கே முதலிடம் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் ஜோஹோ ஸ்கூல்ஸ் அந்த நம்பிக்கைக்கு வலுவான சான்று.

முதல் சுற்று எழுத்துத் தேர்வு. ஆப்டிடியூட் எனப்படும் பொதுத்திறன் கணக்குகளோடு, சி என்னும் நிரலாக்க மொழியில் சில வரிகளைக் கொடுத்து அதன் விளைவு என்னவாக இருக்கும் என்று கேட்பார்கள். பாயின்டர்களையும் (நினைவக முகவரியைச் சுட்டும் மாறிகள்) சுழற்சிகளையும் கையால் போட்டுப் பார்த்துப் பழகாதவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது சுற்றில் கணினி முன் உட்கார்ந்து சிறு நிரல்கள் எழுத வேண்டும். ஏழெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைக் கொடுத்து, அதன் எழுத்துகள் எக்ஸ் வடிவில் குறுக்கே வெட்டிக்கொள்ளும்படி அச்சிடச் சொல்லும் கணக்கு மாணவர்களிடையே பிரசித்தம். மொழியில் ஆயத்தமாக இருக்கும் செயற்கூறுகளைப் பெரும்பாலும் பயன்படுத்த விடுவதில்லை என்பதால், வரிசைப்படுத்துவதையும் சொற்களைப் பிரிப்பதையும் தாமே எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தேர்வின் உயிர்நாடி மூன்றாவது சுற்று. ஒரு சிறு செயலியையே கட்டி எழுப்பச் சொல்கிறார்கள். ரயில் முன்பதிவு, மின்தூக்கி இயக்கம் என்று பல கணக்குகள் வந்திருந்தாலும், கால் டாக்ஸி கணக்கை எடுத்துக்கொண்டால் நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். ஒரே நேர்கோட்டில் ஏ முதல் எஃப் வரை ஆறு இடங்கள். அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே 15 கிலோமீட்டர் தூரம், 60 நிமிடப் பயணம். முதல் 5 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். தொடக்கத்தில் எல்லா வண்டிகளும் ஏ-யில் நிற்கும். அழைப்பு வந்தால் அந்த இடத்தில் காலியாக இருக்கும் வண்டியை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மிக அருகில் இருப்பதை அனுப்ப வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு வண்டிகள் நின்றால், அதுவரை குறைவாகச் சம்பாதித்த வண்டிக்கே சவாரி. ஏ-யிலிருந்து பி-க்கு 200 ரூபாய், பி-யிலிருந்து டி-க்கு 350 ரூபாய் என்று கட்டணம் போடுவதில் யாருக்கும் சிரமமில்லை. சரியாக 10 மணிக்கு பி-யில் சவாரி முடிக்கும் வண்டியை, அங்கிருந்தே 10 மணிக்குக் கிளம்ப வேண்டிய வாடிக்கையாளருக்கு ஒதுக்கலாமா, ஆள் இல்லாமல் ஓடி வரும் தூரத்தை எங்கே கணக்கில் வைப்பது, ஒரு வண்டியின் நிலையைப் பதிவு செய்ய எந்தத் தரவமைப்பு (தரவை அடுக்கி வைக்கும் முறை) பொருந்தும் என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் உண்மையான தேர்வு ஆரம்பிக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நாள்தோறும் செய்யப்போவதும் இதே சிந்தனையைத்தான் என்பதால், ஒருவரின் திறமையை அளக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

அறையில் இருக்கும் ஊழியர்கள் இடையிடையே வந்து, முடித்த பகுதியை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள். வெளியேறும் மாணவருக்கும் தம் நிரல் எந்த உள்ளீட்டில் தடுமாறியது என்பது திரையிலேயே தெரிந்துவிடுகிறது. ரயில் முன்பதிவுக் கணக்கில் அப்படி வெளியேறிய என் மாணவி ஒருத்தி மறுநாள் வகுப்புக்கு வந்து, "சார், வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து ஆர்.ஏ.சி.-க்கு ஏத்துற இடத்துலதான் எனக்கு மாட்டிக்கிச்சு" என்று சொல்லிக் கரும்பலகையில் அதை வரைந்தும் காட்டினாள். தோற்ற இடத்தை இவ்வளவு துல்லியமாகச் சுட்டிக்காட்ட முடிகிற தேர்வு அந்த மாணவிக்கு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறது.

இதன் அருமை புரிய, வேறோர் இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் மாணவர்கள் சிலரிடம் வீட்டிலிருந்தே செய்து அனுப்பும்படி ஒரு முழு இணையதள வேலையை அது கொடுத்தது. இரவு பகலாக உழைத்து அனுப்பியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூடத் திரும்ப வரவில்லை. தேர்வானீர்கள், தேர்வாகவில்லை என்ற ஒற்றை வரிக்காக வேறு வாய்ப்புகளைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. இருபத்தொரு வயதில் முதல் வேலைக்கு அலைகிற ஒருவரை இப்படி நடத்துவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஜோஹோ தேர்விலும் குறைகள் உண்டு. அடுத்தடுத்த சுற்றுகள் ஒரே நாளில் நடக்கும்போது, இரவுப் பேருந்தில் சென்னைக்கு வந்து இறங்கிய தென்கோடி மாணவரும் அதே நகரத்தில் தூங்கி எழுந்து வந்தவரும் மூன்றாம் சுற்றுக்குள் ஒரே தெம்போடு நுழைய முடியாது. பல மணி நேரம் நீளும் அந்தச் சுற்றை இன்னொரு நாளுக்கு மாற்றினால் நல்லது. அடுத்தது, கணக்குகள் பழகிப்போய்விட்டன. டாக்ஸி கணக்கின் விடை இணையத்தில் பல மொழிகளில் கிடைப்பதால், அதை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படித் தயார் செய்யும் பயிற்சி மையங்களும் இருக்கின்றன. பாதியில் ஒரு புதிய நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னார்கள் என்று சில மாணவர்கள் கூறியிருக்கிறார்கள். மனப்பாடம் அந்த இடத்தில் உதவாது என்பதால், எல்லோருக்கும் அப்படிச் செய்வதே முறை. கடைசியில் வரும் தொழில்நுட்ப நேர்காணலும் ஹெச்.ஆர். நேர்காணலும் எங்கும் உள்ளவை போன்றவையே. ஆனால் முந்தைய சுற்றுகளில் திரையே காரணத்தைச் சொல்லிவிட, இங்கே தேர்வாகாமல் போகிறவருக்குக் காரணத்தைத் தாமாக அறிய வழியில்லை. அவ்வளவு தூரம் வந்தவருக்கு இரண்டு வரி விளக்கம் எழுதி அனுப்புவது எந்த நிறுவனத்துக்கும் பெரிய சுமையாக இராது.

சி, ஜாவா இரண்டில் ஒன்றிலாவது ஆழமாகப் பழகி, சொந்தமாகச் சிறு செயலிகளை எழுதிப் பார்த்த மாணவர்களை நான் தயங்காமல் இந்தத் தேர்வுக்கு அனுப்புவேன். மதிப்பெண் குறைவு என்று ஒதுங்கி நிற்பவர்களை இன்னும் அழுத்திச் சொல்லி அனுப்புவேன். போகிறவர்கள் மூன்றாம் சுற்றில் விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரமாவது தாளில் வரைந்து பார்க்க வேண்டும். முழுவதையும் ஒரே மூச்சில் எழுதாமல், முன்பதிவு, ரத்து, அறிக்கை என்று பகுதி பகுதியாக ஓட வைத்துக் காட்ட வேண்டும். கேள்வியில் தெளிவில்லாத இடத்தை அங்கிருக்கும் ஊழியரிடமே கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்டதற்காக யாரையும் கடிந்துகொண்டதாக ஒரு மாணவரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.