குடல்வால் அழற்சி: அறுவைச் சிகிச்சையா, மருந்து மட்டுமா?

குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வெடிக்கவில்லை என்று சி.டி. ஸ்கேனில் உறுதியான 530 பேரைக் கொண்டு பின்லாந்தில் நடந்து, 2015இல் வெளியான ஆய்வு, அறுவை, ஆன்டிபயாடிக் மருந்து ஆகிய இரு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. அறுவைச் சிகிச்சை நோயை ஒரேயடியாக முடித்துவிடுகிறது. ஆனால் மயக்க மருந்தும், காயத்தில் சீழ் பிடிக்கும் அபாயமும் அதனோடு சேர்ந்தே வருகின்றன (அங்கே பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே அறுவை செய்தார்கள் என்பதை மறக்கலாகாது). மூன்று நாள் ஊசியும் ஏழு நாள் மாத்திரையுமாக ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்பட்டது. ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 39 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது.

குடல்வாலுக்குள் மலக்கல் (கல்லாக இறுகிய மலம்) இருந்தால் நிலைமை வேறு. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அத்தகையோரில் 41 சதவீதத்தினர், மருந்து தொடங்கிய 90 நாளுக்குள் அறுவைக்கே சென்றனர். அவர்களுக்கு அறுவையே மேல் என்பேன். கல் இல்லாதவருக்கும், நள்ளிரவில் வலி திரும்பினால் உடனே மருத்துவமனைக்கு வர இயலுமா என்று கேட்டறிந்த பிறகே மருந்தை மட்டும் எழுதித் தருவது முறை.