நாமே கை வைத்த பிறகு எரியும் செக் எஞ்சின் லைட்: பேட்டரியைக் கழற்றுவதா, ஒர்க் ஷாப் ஸ்கேனரா, ஓபிடி அடாப்டரா?

எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்து, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். வண்டி முதல் ஸ்டார்ட்டிலேயே கிளம்பியது. மறுநாள் மாலை டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வேறு யாரும் வண்டியைத் தொடவில்லை. காரணம் என் கைதான் என்று தெரியும், எந்த இடம் என்றுதான் தெரியவில்லை.

இந்த நிலையில் மூன்று வழி உண்டு. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவது, ஒர்க் ஷாப்பில் ஸ்கேன் செய்வது, ஓபிடி அடாப்டர் (வண்டியின் கோளாறுப் பதிவைப் போனுக்கு அனுப்பும் சிறு கருவி) ஒன்றை வாங்கி நாமே படிப்பது. ஒரே கோளாறுக்கு மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். என் ஓட்டு அடாப்டருக்குத்தான்.

எதற்கும் முன்னால் ஒன்று. விளக்கு நிலையாக எரியாமல் மின்னிக்கொண்டிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியேறி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். பிளக்கையோ, அதற்கு மின்சாரம் தரும் காயிலையோ மாற்றிய பிறகு இது நடந்தால் முதலில் காயில் கனெக்டர்களை அழுத்திப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் நிலையாக எரியும் விளக்குக்கு.

பேட்டரியைக் கழற்றுவதற்குச் செலவே இல்லை என்பதால் அதைத்தான் முதலில் செய்தேன். விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் திரும்ப வந்தது. இடையில் அணைந்திருந்ததற்குக் காரணம் உண்டு. பல கோளாறுகளை ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) ஒரே ஓட்டத்தில் அறிவிக்காது. முதல் ஓட்டத்தில் கண்டதை 'பெண்டிங்' என்று குறித்து வைக்கும், அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கைப் போடும். அந்த இடைவெளியைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று நம்புவது எளிது, நானும் நம்பினேன். போதாததற்கு ஐடில் வேகம் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கியது, ஜன்னல் கண்ணாடி ஒரே தட்டில் ஏறுவது நின்றது. புதிய வண்டிகள் பலவற்றில் கோளாறைக் குறிக்கும் கோடுகள் (code) கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் இருப்பதால், இந்த வழியில் விளக்கு அணையும் என்ற உறுதியும் இல்லை.

ஒர்க் ஷாப்பில் பெரிய ஸ்கேனரை மாட்டி பி0171 என்று படித்தார்கள். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்லிவிட்டு, கோடை அழித்துக் கொடுத்தார்கள். நான் மாற்றவில்லை. அந்த சென்சார் காற்று அதிகமாக இருக்கிறது என்று சொன்னது, உண்மையிலேயே காற்று அதிகமாகத்தான் இருந்தது. கோடு காட்டுவது அறிகுறியைத்தான். எந்த உதிரிபாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை.

இங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது. கோடு பதிவாகும் நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதையும் ஈசியூ சேர்த்துச் சேமிக்கிறது. இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு, எஞ்சின் மீதிருந்த சுமை, ஃப்யூயல் ட்ரிம் (கலவையைச் சரிக்கட்ட ஈசியூ கூட்டும் அல்லது குறைக்கும் பெட்ரோலின் சதவீதம்) எல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் போய்விடும். பேட்டரியைக் கழற்றி நான் ஒருமுறை இழந்தேன், ஒர்க் ஷாப்பில் அழித்தபோது இரண்டாம் முறை. அடாப்டரில் உள்ள 'கிளியர்' பட்டனும் இதே வேலையைத்தான் செய்யும். ஆனால் அதை எப்போது அழுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. அழுத்துவதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் முறை விளக்கு வந்தபோது அடாப்டர் என்னிடம் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சொருகினேன். (அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இந்த ஏற்பாடு கட்டாயம்.) ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 0, ஆர்பிஎம் 740, கூலன்ட் 88 டிகிரி, லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் +18 சதவீதம். அதாவது எஞ்சின் நன்றாகச் சூடேறி, வண்டி நின்றுகொண்டிருந்தபோது பதிவாகியிருக்கிறது. கலவையைச் சரிக்கட்ட ஈசியூ 18 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டிருந்தது. 10 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் பொதுவாகக் கவலையில்லை, இது அதைத் தாண்டிவிட்டது.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஆர்பிஎம்மை 2500-க்கு ஏற்றிப் பிடித்தேன். ட்ரிம் 5-க்கு இறங்கியது. உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் இது எங்கோ காற்று கசிகிறது என்பதற்கான அடையாளம். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் அளவிடப்படாமல் நுழையும் கசிவு பெரும்பங்காகிவிடும். ஆர்பிஎம் ஏறி மொத்தக் காற்று கூடும்போது அந்தப் பங்கு சிறுத்துவிடும். மாறாக, சுமை ஏற ஏற ட்ரிம்மும் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்பையோ அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சாரையோ சந்தேகித்திருப்பேன். இனி தேட வேண்டிய இடம் ஒரு சாண்தான். த்ராட்டில் பாடிக்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் சேரும் விரல் தடிமன் வேக்கூம் ஹோஸ் பாதிதான் ஏறியிருந்தது. பூட்டும்போது அதை நான் முழுதாகத் தள்ளவில்லை.

சொந்த வேலைக்குப் பிறகு வரும் இன்னொரு வகைக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். ஏர் ஃப்ளோ சென்சார் கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவி போட்டுவிட்டால் பி0102, பி0113 இரண்டும் சேர்ந்து பதிவாகலாம். காற்றின் அளவையும் சூட்டையும் ஒரே கனெக்டர் சுமக்கும் வண்டிகளில் இரண்டு சென்சார் ஒரே நாளில் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. மாட்டிவிட்டுக் கோடை அழித்தால் போதும். பேட்டரி வழிக்கும் நியாயம் இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

அடாப்டருக்கும் எல்லை உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளைச் சாதாரண அடாப்டரும் பொதுவான ஆப்பும் பெரும்பாலும் படிக்காது. ஏர்பேக் வயருள்ள சீட்டைக் கழற்றியபின் அந்த விளக்கு வந்தால் நேராக ஒர்க் ஷாப்புக்குப் போங்கள், அதை வீட்டில் சோதிக்காதீர்கள். சில வண்டிகளில் த்ராட்டில் பாடியைக் கழற்றினால் ஐடிலைக் கற்றுக்கொடுக்கவும் பெரிய ஸ்கேனர் வேண்டும். மலிவான நகல் அடாப்டர்கள் சிலவற்றில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். சாதாரண புளூடூத் வகை ஐபோனில் வேலை செய்யாது, வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத்) வகை வாங்க வேண்டும். சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவி இல்லாமலும் கரண்ட் இருக்கும், ஆகவே வண்டியை நிறுத்தி வைக்கும் நாட்களில் கழற்றிவிடுங்கள். ட்ரிம் கணக்கு நான் பெட்ரோல் எஞ்சினில் மட்டும் பார்த்தது, டீசலுக்கு அதை அப்படியே எடுத்துப் போக வேண்டாம்.

புகைச் சோதனைக்கு முந்தின நாள் கோடை அழிப்பதும் வேண்டாம். அழித்ததும் வண்டியின் சுயபரிசோதனைப் பதிவுகள் எல்லாம் 'முடியவில்லை' என்று மாறிவிடும். அவை மறுபடி முடிய நாட்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கலாம். சுயபரிசோதனை நிலையைப் பார்க்கும் இடங்களில் விளக்கு எரியாவிட்டாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஹோஸை முழுதாகத் தள்ளிக் கிளாம்ப்பை நகர்த்திய நொடியிலேயே போனில் உடனுக்குடன் மாறும் ஷார்ட் டெர்ம் ட்ரிம் சரிந்தது. லாங் டெர்ம் மெதுவாக இறங்கி 3-இல் நின்றது. இந்த முறை நான் கோடை அழிக்கவில்லை. கோளாறு தென்படாமல் மூன்று ஓட்டம் தொடர்ந்து முடிந்தால் ஈசியூவே விளக்கை அணைத்துவிடும். நான்காம் நாள் காலை சாவி போட்டபோது வழக்கமான சோதனைக்கு ஒருமுறை எரிந்தது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்தது.