உவர்மலையில் ஒரு சமன்பாட்டு வகுப்பு

பதினோராந் தரத்தில் படிக்கும் என் மகளுக்கு விஞ்ஞானத்தில் இரசாயனச் சமன்பாடுகளைச் சமப்படுத்துவது, அதாவது இரு பக்கமும் ஒவ்வொரு வகை அணுவின் எண்ணிக்கையையும் ஒன்றாக்குவது, மட்டும் பிடிபடவேயில்லை. சென்ற தவணைப் பரீட்சையில் அந்த வினாவைத் தொடாமலே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஆகவே, திருகோணமலை உவர்மலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பிற்பகல்களில் நடத்தும் குறுகியகால வகுப்பில் அவளைச் சேர்த்தேன். 6 வாரங்கள், 12 பிள்ளைகள், கட்டணம் 3,000 ரூபாய்.

முதல் நாள் நானும் வாசற்படியில் அமர்ந்திருந்தேன். கொப்பியைத் திறக்கவே விடாமல், நடுவில் நூல் கட்டிய ஒரு தட்டையும் சட்டைப் பொத்தான்கள் நிறைந்த ஒரு பேணியையும் ஆசிரியை முன்னால் வைத்தார்: வெள்ளை ஐதரசன், சிவப்பு ஒட்சிசன், கறுப்பு காபன். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீராகும் தாக்கத்தில், இடப்பக்கம் இரண்டு சிவப்பும் வலப்பக்கம் ஒன்றும் இருப்பதைக் கண்ட மகள், நீருடன் இன்னொரு சிவப்புப் பொத்தானை ஒட்டி வைத்துக் கணக்கை நேராக்கினாள். “பிள்ளை, இது இப்ப தண்ணியோ?” என்று கேட்ட ஆசிரியை, அது காயம் கழுவப் பயன்படும் ஐதரசன் பரவொட்சைட்டு என்று விளக்கி, “தண்ணி காணாதெண்டால் இன்னொரு தண்ணி வையும், இருக்கிற தண்ணியை மாத்தாதையும்” என்றார். மகள் இரண்டாவது நீர் மூலக்கூறை வைத்தாள். உடனே இடப்பக்கம் ஐதரசன் குறைந்தது. அங்கும் ஒன்றைச் சேர்த்தாள். ஐதரசனுக்கு 2, ஒட்சிசனுக்கு 1, நீருக்கு 2 என்ற எண்களை அதன் பிறகுதான் எழுத விட்டார். சூத்திரத்துக்கு முன்னால் இடும் எண்ணை மாற்றலாம், உள்ளே கீழாக நிற்கும் எண்ணைத் தொடக்கூடாது என்ற விதியைப் பாடசாலையில் பலமுறை மனனம் செய்தவளுக்கு, அதன் காரணம் அன்றுதான் கையில் அகப்பட்டது. தாக்கத்துக்கு முன்னும் பின்னும் திணிவு மாறாது என்று 1789இல் லவோசியே எழுதிவைத்ததை இந்த வகுப்பு பொத்தான்களை எண்ண வைத்தே உணர்த்திவிடுகிறது.

மூன்றாம் வாரம் சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேனின் தகனம். காபனை முதலில், ஐதரசனை அடுத்து, தனித்து நிற்கும் ஒட்சிசனை இறுதியில் எண்ணினால், ஒரு பியூட்டேனுக்கு ஆறரை ஒட்சிசன் மூலக்கூறு வேண்டும் என்று வந்து நிற்கும். வழக்கமாக என் மகள் அழிறப்பரை எடுக்கும் இடம் இதுதான். அரை வந்தால் பிழையல்ல, எல்லாவற்றையும் இரட்டிக்க வேண்டும் என்று காட்டப்பட்டதும், 2 பியூட்டேனும் 13 ஒட்சிசனும் சேர்ந்து 8 காபனீரொட்சைட்டும் 10 நீரும் ஆவதை அவள் தானே எழுதி, இரு பக்கமும் 26 ஒட்சிசன் அணுக்கள் இருப்பதை எண்ணியும் பார்த்தாள்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதல்ல. பயிற்சித்தாள்கள் பலமுறை நிழற்படி எடுக்கப்பட்டவை. முன்னால் இடும் எண்ணும் உள்ளே நிற்கும் சிறிய எண்ணும் ஒரே பருமனில், ஒரே வரிசையில் அச்சாகியுள்ளன. எந்தக் குழப்பத்தைத் தீர்க்க வகுப்பு முயல்கிறதோ, அதையே தாள் மீண்டும் விதைக்கிறது. அலுமினியம் ஐதரொட்சைட்டும் சல்பூரிக்கமிலமும் தாக்கும் கணக்கில் மகள் ஒரு மணித்தியாலம் தடுமாறியது இதனால்தான். கந்தகமும் ஒட்சிசனும் சேர்ந்த சல்பேற்றைப் பிரிக்காமல் ஒரே கூட்டமாக எண்ணும் வழி அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. தாளைத்தான் வாசிக்க முடியவில்லை. நான் அந்தத் தாளைக் கையால் திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஆசிரியையிடம் சொன்னபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டார். இறுதி வாரம் வரை புதிய தாள் வரவில்லை.

உயர்தர மாணவருக்கு இது போதாது, இலத்திரன் பரிமாற்றத்தைக் கணக்கிட்டுச் சமப்படுத்தும் ஒட்சியேற்ற எண் முறை இங்கு கற்பிக்கப்படுவதில்லை. சாதாரண தரப் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம். வகுப்பு மாலை 5.30க்கு முடிவதால், கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் பெற்றோர் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே ஆசிரியையிடம் பேசிக்கொள்வது நல்லது. அவ்வாறு கேட்ட இருவரை அவர் அரை மணித்தியாலம் முன்னதாகவே அனுப்பினார்.