கீழக்கரை கருப்பட்டி கேக்: வாங்கின அன்றைக்கே தின்றுவிடாதீர்கள்

மண்டபத்தில் மீன் லோடு ஏற்றி சாயல்குடி, தூத்துக்குடி வழியாகக் கொல்லம் வரைக்கும் வண்டி ஓட்டுகிறேன். மாதத்தில் இருபது நாள் கேபினில்தான் தூக்கம், பரோட்டாவும் சால்னாவும்தான் சாப்பாடு. அதனால் இதைக் கொஞ்சம் நாக்கு செத்தவன் எழுதியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையில் ஒரு அக்கா வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறார். கடை, போர்டு எதுவும் கிடையாது. முதல் நாள் மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். அரைக்கிலோ 260 ரூபாய். பேக்கரியைவிட அதிகம்தான், ஆனால் சீனி கலக்காத கருப்பட்டி இன்றைக்கு என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள்.

ஓவன் இல்லை. அண்டாவில் மணல் பரப்பி, அதற்குள் கேக் சட்டியை இறக்கி, மூடிமேலும் கரி நெருப்பை அள்ளிப் போட்டு வேக விடுகிறார் (சீமைக்கருவேலம் இருக்கிற வரை நம்ம ஜில்லாவில் கரிக்குப் பஞ்சமா என்ன). கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டித்தான் ஊற்றுகிறார், பல்லில் மண் நறநறப்பதே இல்லை. முட்டை, தேங்காய்ப்பால், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு, அவ்வளவுதான். கிரீம் இல்லாததால் வெயிலில் நிற்கிற வண்டிக்குள்ளும் நாலு நாள் தாங்குகிறது.

முதல் தடவை வாங்கினபோது, "தம்பி, இன்னைக்கே தின்னுறாதீங்க, ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்றார். நான் கேட்கவில்லை, ஏர்வாடி தாண்டுவதற்குள் பாதியைத் தின்றுவிட்டேன், ஏதோ வறண்ட மாதிரி இருந்தது, இதற்கா இவ்வளவு காசு என்று தோன்றியது. மீதியை மூன்றாம் நாள் ராத்திரி, லோடு இறக்க என் முறை வராமல் மழையில் காத்துக்கிடந்தபோதுதான் திறந்தேன். கருப்பட்டி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சரக்கு இல்லையா, கேக் பிசுபிசுவென்று இளகியிருந்தது. கொஞ்சம் கருகின அடிப்பக்கத்தைத் தனியாகப் பிய்த்துக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன், அதில் கரி வாசமும் சுக்குக் காரமும் சேர்ந்து வரும். மூடி இறுக்கமான டின்னில் வையுங்கள். ஒரு தடவை வெறும் கவரோடு வைத்து, சூடை மீன் வாசத்தோடு கேக் தின்றவன் சொல்கிறேன்.

நெய் பிஸ்கட்டும் போடுகிறார், அது வேண்டாம். வாயில் போட்டால் கரையத்தான் செய்கிறது, ஆனால் கடல்காற்றில் ஒரே நாளில் நமத்துப் போகிறது. சொன்னதற்கு, டின் அடியில் துணியில் அரிசி முடிந்து போடச் சொன்னார். போட்டேன், அரை நாள் கூடுதலாகத் தாங்கியது. இன்னொரு குறை, ராத்திரி ஒன்பதுக்கு மேல் கதவைத் தட்டக்கூடாது. நியாயம்தான், ஆனால் எங்கள் லோடு என்றைக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது? இரண்டு தடவை அந்தத் தெருமுனை வரைக்கும் போய், மணியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வண்டியை எடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, எனக்கும் லோடு குறைவு. அப்போது ஒரு கிலோ வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகள் ஒரு துண்டு கடித்துவிட்டு, "இதுல கிரீமே இல்லையேப்பா" என்றாள். நானும் தின்று பார்த்தேன். அதே கேக்தான், மூன்றாம் நாள்தான், ஆனால் வீட்டில் உட்கார்ந்து சூடான சோறு தின்ற வாய்க்கு அது சுமாராகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை லோடு இருக்கிறது. ஒரு கிலோ சொல்லிவிட்டேன், பிஸ்கட் வேண்டாமென்று.